பாலை மணலுக்கடியில் ஓர் உப்புத் தண்டு

வந்தவாசி உரக்கடைகளில் ஐம்பது கிலோ மூட்டையில் கிடைக்கும் பொட்டாஷ், செங்கல் தூள் கலந்த கல்லுப்பு மாதிரி இருக்கும். நெற்பயிர் சாயாமல் நிற்கவும் மணிலாக் கடலையில் காய் பிடிக்கவும் அதைத் தூவுகிறோம். பெரும்பாலும் கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வரும் சரக்கு அது. பொட்டாஷ் தாதுவுக்கு இந்தியா வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் ராஜஸ்தான் பாலைக்கு அடியிலும் பொட்டாஷ் படுத்திருக்கிறது. அதற்குச் சாட்சியாக மேலே ஏறி வந்தது, கைப்பிடிக்குள் அடங்கும் பருமனுள்ள ஓர் உப்புத் தண்டு. இது அதன் கதை.

ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய பிகானேர், நாகௌர் வட்டாரத்தில் கடல் இருந்தது. வெயிலில் அது வற்ற வற்ற, முதலில் ஜிப்சம் வகைகளும் அடுத்து சோற்றுப்பும் படிந்தன. பொட்டாசியம் உப்புகள் நீரில் எளிதாகக் கரைபவை; கடைசிச் சொட்டு வரை கரைந்தே கிடந்து, கடல் ஏறக்குறைய காய்ந்த பிறகுதான் படியும். அதனால் சோற்றுப்புப் படுகை தடிமனாகவும் பொட்டாஷ் அடுக்கு மெல்லியதாகவும் அமைந்துவிட்டது. பிறகு வண்டலும் மணற்கல்லும் மூட, எல்லாவற்றுக்கும் மேலே மணல்மேடுகள் வந்து உட்கார்ந்தன.

அங்கே தரையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. மண்ணைத் தோண்டாமலே உள்ளே பார்க்கத்தான் புவி இயற்பியல் ஆய்வு. உப்பு மற்ற பாறைகளைவிட இலேசானது. தடிமனான உப்புப் படுகை கிடக்கும் இடத்தில் ஈர்ப்பு விசை மிகச் சிறிதளவு குறையலாம், நுட்பமான கருவி அதைக் காட்டிவிடும். தரையில் அதிர்வை எழுப்பி, அடுக்குகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்வது இன்னொரு வழி. ஆனால் உதிரி மணல் அதிர்வைப் பெருமளவு விழுங்கிவிடும். ஆய்வு சந்தேகத்தைக் கிளப்பும். துளை போட்டால்தான் அது தீரும். 1974 முதல் 1991 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இங்கே துளையிட்டுத் தேடி, பொட்டாஷ் இருப்பதைப் பதிவு செய்தது.

நம் ஊர் போர் வண்டி கல்லை அடித்து நொறுக்கி, காற்றால் தூளை வெளியே தள்ளும். கனிமம் தேடும் துளை வேறு மாதிரி. வைரத் துகள் பதித்த வளையம் சுழன்று பாறையை வட்டமாக அறுக்க, நடுவில் அறுபடாமல் நிற்கும் கல் குழாய்க்குள் தண்டாக ஏறும். ஆனால் இங்கே கல்லே உப்பு. துளைக்குள் நல்ல தண்ணீர் விட்டால், தேடிப் போன பொருள் வழியிலேயே கரைந்து போகும். அதனால் இனி எந்த உப்பையும் ஏற்காத அளவுக்கு உப்பேற்றிய சேற்று நீரைத்தான் செலுத்த வேண்டும். மேலே வந்த தண்டையும் கழுவக் கூடாது. துடைத்து, ஈரக் காற்றுப் படாமல் பாலிதீனில் சுற்றி, ஆழத்தை மீட்டரில் எழுதிப் பெட்டியில் வரிசையாக அடுக்க வேண்டும். அனுபவசாலி ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்ப்பார். சோற்றுப்பு வெறுமனே கரிக்கும், பொட்டாசியம் குளோரைடு கூடவே கசக்கும்.

தண்டு மேலேறிய துளைக்குள் ஒரு கருவி கீழிறங்கும். இயற்கையான பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிர்வீச்சு உடையது. அதன் காமாக் கதிரை அந்தக் கருவி உணர்ந்து, பொட்டாஷ் அடுக்கு எந்த ஆழத்தில் என்று கோடு போட்டுக் காட்டும். களிமண்ணும் அப்படியே கதிர் வீசும் என்பதால் கோட்டை மட்டும் நம்பிவிட முடியாது. தண்டோடு ஒப்பிட்ட பிறகே முடிவு.

அதற்குப் பின் நெடுங்காலம் காத்திருப்பு. 2021 ஜனவரியில்தான், தண்ணீரை உள்ளே செலுத்தி உப்பைக் கரைத்து மேலே எடுக்க முடியுமா என்று ஆராய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023இல் இந்தியாவின் முக்கியக் கனிமங்கள் பட்டியலிலும் பொட்டாஷ் சேர்ந்தது. பாலையில் உப்பைக் கரைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், மிஞ்சும் உப்பு நீர் எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டும்.

முந்தைய தேடல் வீண்போகாததற்குக் காரணம், ஆழமும் அளவும் எழுதி வைக்கப்பட்டதுதான். தேடாதது கிடைத்த துளைகளும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் 1839இல் சோற்றுப்புக்காகத் துளையிட்டார்கள். மேலே கிடந்த கசப்பு உப்பு தொல்லையாகவே தெரிந்தது. 1861இல் அதைக் கொண்டே பொட்டாஷ் தொழிற்சாலை எழுந்தது. கனடாவின் சஸ்காட்செவனில் 1943இல் எண்ணெய்க்குப் போட்ட துளையில் பொட்டாஷ் தட்டுப்பட்டது. ஒன்றைத் தேடிப் போட்ட துளை இன்னொன்றைச் சொல்லும், குறிப்பு இருந்தால்.

நம் பகுதியில் போர் போடும்போது பறக்கும் கல் மாவும் அப்படிப்பட்ட தகவல்தான். எத்தனை அடியில் மண் முடிந்து பாறை தொடங்கியது, எங்கே நிறம் மாறியது, எந்த அடியில் ஈரம் தட்டியது என்பதெல்லாம் பெரும்பாலும் பில் தொகையோடு மறந்து போகிறது. காய்ந்த துளைக்குப் பணம் கட்டிய விவசாயிக்கு அந்தக் கணக்காவது மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு போருக்கும் ஒரு பக்கம் எழுதி, அதன் படி ஊராட்சி அலுவலகத்தில் இருந்தால், பக்கத்து நிலத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் துணியலாம், அல்லது கடன் வாங்காமல் நிறுத்திக்கொள்ளலாம்.