காற்றை இயக்கிய கைகள்

காற்று யாவர்க்கும் பொது என்று சொல்லுவது வழக்கம். நிலத்துக்கு உறுதி உண்டு; நீருக்கு முறை உண்டு; காற்றுக்கு இவ்விரண்டும் இல்லை. ஆயின், நான்கு சுவர்களும் ஒரு கூரையும் எழுந்த கணத்திலேயே காற்றும் சமுதாய உறவுகளுக்குள் அகப்பட்டுக்கொள்கின்றது. அதனை உள்ளே செலுத்துவதற்கு ஒருவர் உழைக்கவேண்டும். வேறொருவர் அதனைச் சுவாசிப்பார். பொறி பழுதுபட்டால் அதனை முதலில் உணர்பவர் ஒருவர். அதனைத் திருத்தும்படி கட்டளையிடும் உரிமை உடையவர் மற்றொருவர். இவர்களெல்லாம் யார், யார் என்று வினவுவோமானால், விசிறியின் சரித்திரம் வெறும் பொறியின் சரித்திரமாக நின்றுவிடாது; மனிதரின் சரித்திரமாக விரியும்.

பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொதுச்சபையிலிருந்து தொடங்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சபை ஒடுங்கிய பழைய தேவாலயமொன்றிலே கூடிற்று. உறுப்பினரின் மூச்சும் மெழுகுதிரிகளின் புகையும் சேர்ந்து மண்டபத்தை வேகவைத்தன. 1723ஆம் ஆண்டில், நியூற்றனின் கொள்கைகளைப் பரப்பிய விஞ்ஞானியான தெசாகுலியே என்பவரை இதற்கு வழிகாணுமாறு கேட்டனர். மண்டபத்தின் மேலுள்ள அறைகளில் அடுப்புகளை மூட்டினால், வெப்பமுற்ற காற்று மேலெழும். கீழேயுள்ள அசுத்தக் காற்றையும் அது இழுத்துச் செல்லும் என்பது அவருடைய திட்டம். திட்டம் பௌதிக விதிக்கு உடன்பாடானதே. எனினும் அது தோல்வியுற்றது. மேல்அறைகளைத் தம் பாவனையில் வைத்திருந்த ஸ்மித் என்னும் காப்பாளர் அம்மையார், தமது இருப்பிடத்துக்குள் வந்த இந்த இடையூற்றை விரும்பவில்லை. சபை கூடி, மண்டபம் நன்கு சூடேறிய பின்னரே அவர் அடுப்பை மூட்டுவித்தார். அதனால் காற்று மேலே செல்வதற்குப் பதிலாகக் கீழே இறங்கிற்று. தெசாகுலியே தாமே இதனை எழுதிவைத்திருக்கின்றார்.

அம்மையாரின் பிடிவாதத்தைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அந்நிகழ்ச்சி ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது: பொறியைக் கையாள்பவரின் நலனைக் கணக்கில் எடுக்காத திட்டத்தில், முதற் பழுது பொறியிலே தோன்றுவதில்லை, திட்டத்திலேயே இருக்கின்றது.

1736இல் அவர் வேறொரு வழியைக் கையாண்டார். ஏழடி விட்டமுள்ள ஒரு சக்கரம். அதனைக் கையாற் சுழற்ற ஒரு மனிதன். சக்கரம் சுழல அசுத்தக் காற்று வெளியேறும், அல்லது புதுக்காற்று உள்ளே வரும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டின் அம்மனிதனுக்கு ஆணையிட்டாற் போதும். சக்கரத்தைச் சுழற்றிய அம்மனிதனுக்கே ‘காற்றோட்டி’ என்று பெயர் வைத்தனர். பின்னாளிற் பொறிக்கு உரியதாகிய ஆங்கிலச் சொல் அன்று உழைப்பாளி ஒருவனுக்குச் சூட்டப்பட்டிருந்தது. அவனுடைய சொந்தப் பெயரைச் சரித்திரம் பேணவில்லை.

அதே மண்டபத்தின் கூரைக்கு மேல் இன்னொரு காட்சியும் உண்டு. 1778இற்குப் பின்னர் பெண்கள் பார்வையாளர் பகுதியிலிருந்து விலக்கப்பட்டனர். அரசியலில் ஆர்வமுள்ள பெண்கள் கூரையின் உட்பரப்பிலே, அசுத்தக் காற்று வெளியேறும் துவாரத்தைச் சூழ்ந்து நின்று விவாதங்களைக் கேட்டனர். 1834ஆம் ஆண்டுத் தீயில் அக்கட்டிடம் அழியும்வரை இந்நிலை நீடித்தது. உறுப்பினர் கழித்த காற்றே அப்பெண்களுக்குக் கிடைத்த பங்கு.

பாராளுமன்றத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு இறங்குவோம். அங்கே காற்று சுகத்துக்குரிய பொருளன்று, உயிருக்குரிய பொருள். நிலத்தின் கீழ்ப் பாதைகளிற் கதவுகளை அமைத்து, காற்று எந்த வழியாகச் செல்லவேண்டும் என்று நிர்ணயித்தனர். கரிவண்டி வரும்போது கதவைத் திறந்து, அது கடந்ததும் மூடவேண்டும். மூடத் தவறினால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும். தொலைவிலுள்ள இடங்களில் எரிவாயு தேங்கும். ஒரு சுடர் பட்டால் வெடிக்கும். இத்துணைப் பொறுப்பு வாய்ந்த வேலையைச் செய்தவர்கள் சிறு குழந்தைகள். இருளிலே, கதவோரத்திற் கயிற்றைப் பிடித்தபடி அவர்கள் நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர். ஐந்து வயதுப் பிள்ளைகளும் அவர்களுட் சிலர் என்பதை 1842ஆம் ஆண்டின் விசாரணைக்குழு அறிக்கை உலகுக்கு உணர்த்திற்று. அவ்வாண்டே பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும், பெண்கள் அனைவரையும் சுரங்கத்தின் கீழ் வேலைக்கு அமர்த்துதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இன்று குளிரூட்டும் தொகுதியொன்றிலே சிறு மோட்டர் திறந்து மூடும் தகட்டின் வேலையை அன்று ஒரு குழந்தையின் கை செய்தது.

1862 ஜனவரி 16ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஹார்ட்லிச் சுரங்கத்திலே நீரிறைக்கும் பொறியின் மாபெரும் இரும்புச் சட்டம் முறிந்து கிணற்றினுள் வீழ்ந்தது. இருந்த கிணறு ஒன்றே. மனிதர் ஏறியிறங்கும் வழியும் அது. காற்றுச் செல்லும் வழியும் அது. 204 ஆடவரும் சிறுவரும் மாண்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் கீழே மூச்சடைத்து இறந்தனர். இரண்டாவது கிணறு தோண்டப் பணம் வேண்டும்; அந்தப் பணத்தை மிச்சப்படுத்தும் வழக்கத்துக்கு அவர்கள் பலியாயினர். சுரங்கமொன்றுக்கு இரண்டு வழிகளேனும் இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. ஹார்ட்லியின் ஆபத்து ஒற்றைக் கிணற்றைக் கண்ட எவர்க்கும் வெளிப்படையாகத் தெரிந்திருந்தது. தெரிந்த பழுதைத் திருத்துவதற்கு 204 உயிர்கள் விலையாகக் கேட்கப்பட்டன.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவிற்கு வருவோமானால், இதே உறவு ‘பங்கா’ என்னும் வடிவத்திற் காட்சியளிக்கின்றது. கூரையிலே தொங்கும் நீண்ட துணிச் சட்டம்; அதிலிருந்து சுவரைத் துளைத்து வெளித் தாழ்வாரத்துக்குச் செல்லும் கயிறு; கயிற்றின் நுனியிலே ஒரு மனிதன். துரைமார் நீதிமன்றத்தில் இருந்தாலும், உணவருந்தினாலும், உறங்கினாலும் அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். காற்று சுவருக்கு உள்ளே. வெயிலும் வியர்வையும் வெளியே. இரவில் அவன் கண்ணயர்ந்தால் பங்கா நிற்கும். உள்ளே உறங்குபவன் விழிப்பான். அதுவே அத்தொகுதியின் பழுதறி முறை. திருத்தும் முறையோ பலவேளைகளில் உதையாக இருந்தது. உதையுண்டு மாண்ட பங்கா இழுப்போரின் வழக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீதிமன்றங்களுக்கு வந்தன. இறந்தவனின் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, ஆகவே அது எளிதில் வெடித்தது என்னும் வாதம், வெள்ளையர் பலருக்குச் சொற்பத் தண்டனையோடு தப்பும் வழியாயிற்று. பழுது உதைத்த காலிலே காணப்படவில்லை; உதையுண்ட உடலிலே காணப்பட்டது!

இந்நிலையை மாற்றும் ஆற்றல் விஞ்ஞானத்துக்கு இருந்ததா? இருந்தது. அதனைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவர் ஆசிரியர் என்பது நமது வாசகருக்கு மகிழ்ச்சி தரும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வைற்வாட்டர் ஆசிரிய கலாசாலையிற் கற்பித்தவர் வொறன் ஜோன்சன். குளிர்காலத்திலே கட்டிடத்தின் அடித்தளத்திலுள்ள உலையிலிருந்து வகுப்பறைகளுக்கு வெப்பம் வந்தது. எந்த அறை குளிர்கின்றது, எந்த அறை மிகச் சூடேறிவிட்டது என்று அறிய ஊழியர் அறைதோறும் சென்று பார்க்கவேண்டும். மீண்டும் கீழே இறங்கிக் காற்றுத் தடைகளைச் சரிசெய்யவேண்டும். பாடமும் குழம்பிற்று, ஊழியரின் காலும் ஓய்ந்தது. 1883இல் ஜோன்சன் உரிமம் பெற்ற கருவி, அறையின் வெப்பநிலை மாறியதும் அடித்தளத்தில் மின்மணியை ஒலிக்கச் செய்தது. பின்னர் அமுக்கப்பட்ட காற்றின் வலிமையால் தடைகளும் வால்வுகளும் தாமே திறந்து மூடும் முறையையும் அவர் அமைத்தார். அறையின் நிலையை அளந்து, அளவின்படி பொறியை இயக்கும் இந்தக் கருத்தே இன்றைய தன்னியக்கக் கட்டுப்பாட்டின் அடிப்படை. மணியொலி மனிதனை வீண் அலைச்சலிலிருந்து விடுவித்தது. பொறி மனிதனின் பகையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயின், அவ்வாற்றல் யாருக்காகப் பெரிதும் பயன்பட்டது? லங்காஷயர் நெசவாலைகளிலே நூல் அறாதிருக்க நீராவியைப் பாய்ச்சினர். ஈரப் புழுக்கத்திலே நெசவாளர் நோயுற்றனர். அவர்களது முறையீட்டின் விளைவாக 1889இல் ஈரப்பதத்துக்குச் சட்டம் எல்லை வகுத்தது. 1902இல் வில்லிஸ் கரியர் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலே முதலாவது நவீன குளிரூட்டற் தொகுதியை வகுத்தபோதும், அது அச்சுக்கூடத் தொழிலாளரின் வெக்கையைத் தணிப்பதற்காக எழுந்ததன்று. ஈரத்தால் தாள் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றன்மேலொன்று சரியாகப் பதியவில்லை. தாளின் நலனுக்காகவே காற்று ஒழுங்குபடுத்தப்பட்டது. நூலுக்கு ஒரு காலநிலை. தாளுக்கு ஒரு காலநிலை. தொழிலாளிக்கு, அவற்றிலிருந்து மிஞ்சியது.

நம் நாட்டோடு இச்சரித்திரம் தொடர்புறும் இடமும் இதுவே. பெல்பாஸ்ற் நகரத்தவரான சாமுவேல் டேவிட்சன் 1864இல் அசாமிலே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கரியடுப்பின்மேல் இலையை உலர்த்தும் பழைய முறைக்குப் பதிலாக, வெப்பக் காற்றைச் செலுத்தும் ‘சிறொக்கோ’ உலர்த்தியை உருவாக்கினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1898இல், முன்னோக்கி வளைந்த பல சிறு தகடுகளை உருளைபோற் கோத்த விசிறியைக் கண்டுபிடித்தார். சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் சென்ற அவ்விசிறியின் வழித்தோன்றல்களே இன்று அலுவலகங்களின் குளிரூட்டிகளுக்குள் சுழல்கின்றன. தேயிலைக் கொழுந்திலிருந்து பிறந்த விசிறி அது.

இலங்கையின் மலையகத்திலும் அத்தகைய உலர்த்திகளும் விசிறிகளும் தேயிலைத் தொழிற்சாலைகளை நிரப்பின. மேல்மாடியிலே கொழுந்தை வாட்டும்போது, ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளை ஒப்பிட்டு, எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று நிர்ணயித்தனர். மழைக்காலத்தில் வெப்பக் காற்று. நல்ல வெயிலிற் சாதாரணக் காற்று. அளவு தவறினால் தேயிலையின் தரம் தாழும். தரம் தாழ்ந்தால் விலை தாழும். ஆகவே இரவிலும் கண்விழித்துக் கவனித்தனர். அதே தோட்டத்திலே அக்கொழுந்தைக் கிள்ளியவர்களின் லயக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையற் புகையும் ஈரக் குளிரும் குழந்தைகளின் இருமலும் அதற்குள்ளேயே. அங்கே எவரும் வெப்பமானி தொங்கவிடவில்லை. இலைக்குக் கிடைத்த காற்றோட்டம் அதனைப் பறித்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. இன்றும் பல குடும்பங்கள் அந்தக் காம்பராக்களிலேயே வாழ்கின்றன.

இனி, இன்றைய முறையை நோக்குவோம். விசிறியின் வேகத்தை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேண்டியவாறு அமைக்கலாம். விசிறிக்குத் தேவையான வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தின்படி மாறும்; வேகத்தை 100இலிருந்து 80ஆகக் குறைத்தால் வலு ஏறத்தாழப் பாதியாகும். பழுதைக் கண்டறிவதற்கும் நுட்பமான வழிகள் உள. வெளிக்காற்று 30 பாகை, அறையிலிருந்து மீளும் காற்று 24 பாகை என்றால், இரண்டும் கலந்த காற்று இவற்றின் இடையிலேயே இருத்தல் வேண்டும். கருவி 33 என்று காட்டினால் கருவியே பொய் சொல்கின்றது. வடிகட்டியின் இருபுறத்து அழுத்த வேறுபாடு ஏறினால் தூசி அடைத்துவிட்டது. விசிறி ஓட ஆணை சென்றும் காற்று அசையாவிடின் வார் அறுந்திருக்கலாம்.

ஆனால் எல்லாப் பழுதும் இவ்வாறு வெளிப்படுவதில்லை. வெப்பமூட்டும் வால்வு கசிகின்றது என்று கொள்வோம். அதனை ஈடுசெய்யக் குளிரூட்டி கூடுதலாக உழைக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருத, அறையின் வெப்பநிலை சரியாகவே இருக்கும். உள்ளே இருப்பவர் எவரும் முறையிடமாட்டார். ஆற்றல் மட்டும் மறைவில் விரயமாகும். ஆகவே அறை சுகமாயிருத்தல், பழுது இல்லை என்பதற்குச் சான்றாகாது. பொறியியலாளர் கற்ற இந்தப் பாடம் சமுதாய ஆய்வாளருக்கும் உரியது. மண்டபத்திற் சுகமாக இருப்போரைக் கேட்டு மட்டும் ஒரு சமுதாயத்தின் நலத்தை அறியமுடியாது. கதவடியிலும் தாழ்வாரத்திலும் லயத்திலும் சென்று அளக்கவேண்டும்.

அளக்கத் தவறினால் சுகமான மண்டபமும் தப்பாது. 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெலவியூ-ஸ்ட்ராட்போர்ட் ஹொட்டலிலே அமெரிக்க முன்னாட் படைவீரர் மாநாடு நடந்தது. அதனைத் தொடர்ந்து இனந்தெரியாத நுரையீரல் நோயால் 34 பேர் மாண்டனர். 1977 ஜனவரியில் ஜோசப் மக்டேட் என்னும் விஞ்ஞானி அதற்குக் காரணமான பக்ரீறியாவை இனங்கண்டார். ஹொட்டலின் குளிரூட்டும் தொகுதியிலிருந்து அது காற்றோடு பரவியது என்று கருதப்படுகின்றது. 2020இற் பரவிய கொரோனா நோய்த்தொற்றும், காற்றோட்டமற்ற அறையிலே ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குகின்றனர் என்னும் பழைய உண்மையை எல்லா வர்க்கத்தாருக்கும் புதிதாகக் கற்பித்தது.

தெசாகுலியேயின் சக்கரம் சுழற்றியவன், சுரங்கக் கதவோரத்துக் குழந்தை, பங்கா இழுத்தவன் ஆகியோரின் உழைப்பை இன்று மோட்டரும் கணனியும் ஏற்றுள்ளன. இது மனித குலத்தின் வெற்றி. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், எந்த அறையில் அளவுகருவி வைக்கப்படும், எந்தப் பழுதுக்கு மணி ஒலிக்கும் என்பதைக் கணனி தீர்மானிப்பதில்லை, செலவழிப்பவர் தீர்மானிக்கின்றனர். நட்டம் தரும் பழுது விரைவிற் கண்டுபிடிக்கப்படுகின்றது. தொழிலாளியின் நெஞ்சிலே தங்கும் பழுது நூற்றாண்டுக் கணக்கிற் காணப்படாமற் கிடக்கின்றது. 1842இன் சட்டமும், 1862இன் சட்டமும், 1889இன் சட்டமும் பொறிகள் தாமாகத் தந்தவை அல்ல. சாட்சியம் கூறியோரும் முறையிட்டோரும் பெற்றவை. ஆசிரியரும் மாணவரும் தமது வகுப்பறையிலிருந்தே இந்த அளவையைத் தொடங்கலாம்: சாளரம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, காற்று எவ்வழி வந்து எவ்வழி போகின்றது? பின்னர் அதே வினாக்களை ஆலையிலும் லயத்திலும் எழுப்புவோம். மணியை ஒலிக்கச் செய்யும் உரிமை, மூச்சு முட்டுபவனின் கைக்கு வரவேண்டும்.