நாடி நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கணும்? வயது வாரியாக முழு விவரம்

2 வயது குழந்தைக்கு நாடி நிமிடத்துக்கு 120 முறை துடித்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அதே 120, சும்மா உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அடிக்கடி வந்தால் டாக்டரை பார்த்தே ஆக வேண்டும். வயதுக்கு வயது இந்த கணக்கு மாறும்.

குழந்தையின் இதயம் சின்னது. ஒரு துடிப்பில் அது தள்ளும் ரத்தம் கொஞ்சம்தான். அதனால்தான் வேகமாக துடிக்கிறது. வளர வளர வேகம் குறையும்.

ஓய்வில் இருக்கும்போது 1 நிமிடத்துக்கு இருக்க வேண்டிய துடிப்பு விவரம் வருமாறு:-

பிறந்து 1 மாதம் வரை: 70 முதல் 190

1 முதல் 11 மாதம்: 80 முதல் 160

1 முதல் 2 வயது: 80 முதல் 130

3 முதல் 4 வயது: 80 முதல் 120

5 முதல் 6 வயது: 75 முதல் 115

7 முதல் 9 வயது: 70 முதல் 110

10 வயதுக்கு மேல், முதியவர்கள் உள்பட: 60 முதல் 100

நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள்: 40 முதல் 60

எப்படி பார்ப்பது?

5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். கட்டை விரலுக்கு கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, கடிகாரத்தை பார்த்து முழுசாக 1 நிமிடம் எண்ண வேண்டும். கட்டை விரலால் பார்க்க கூடாது. அதிலேயே துடிப்பு இருப்பதால் கணக்கு குழம்பிவிடும். கைக்குழந்தைக்கு மேல்கையின் உள்பக்கம் பார்க்கலாம்.

காபி, சிகரெட், பயம், ரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவை துடிப்பை ஏற்றும். காய்ச்சலில் உடல் சூடு 1 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 10 துடிப்பு கூடும். பிரஷருக்கு தரும் அட்டினோலால், மெட்டோபுரோலால் மாத்திரைகள் துடிப்பை குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

எப்போது ஆபத்து?

பெரியவர்களுக்கு ஓய்விலும் அடிக்கடி 100-ஐ தாண்டினாலோ, 60-க்கு கீழே போய் தலைசுற்றல், அசதி இருந்தாலோ டாக்டரிடம் காட்டி இ.சி.ஜி. எடுக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் துடிப்பு விட்டு விட்டு, தாறுமாறாக வந்தால் அதையும் அலட்சியம் செய்ய கூடாது. முதியவர்களுக்கு இதனால் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரும் அபாயம் உண்டு.

படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.