மீசையும் திகதியும்

1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் நான் விழித்திருந்தேன். அன்று பகல் நாடெங்கும் சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றிருந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தல் இன்றியே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்பதே மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. சம்மதிப்போருக்கு விளக்குச் சின்னம், மறுப்போருக்குக் குடம். வானொலியில் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்திருந்தனர். ஆனால் நாடு முழுவதற்குமான கணக்கில் விளக்கு 54.66 வீத வாக்குகளுடன் வென்றது.

இளமை வேகத்தில் அன்றிரவே ஒரு கட்டுரை எழுதினேன். ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவை ஹிட்லரோடு ஒப்பிட்டு, அந்தப் பெயரையே தலைப்பிலும் வைத்திருந்தேன். எங்கள் ஆசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்து, ஹிட்லர் என்ற சொல் வந்த இடமெல்லாம் வெட்டினார். அவசரகாலச் சட்டத்துக்கு அஞ்சித்தான் வெட்டுகிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் சொன்னார்:

"தம்பி, நீர் ஹிட்லரின்ரை பேரை எழுதினால் வாசிக்கிறவன் மீசையைத்தான் பாப்பான். அந்த ஆள் எந்தத் திகதியிலை என்ன செய்தவன் எண்டு எழுதும். மிச்சத்தை வாசிக்கிறவன் விளங்கிக்கொள்ளுவான்."

அன்று அவர் மீது கோபம் வந்தது. அவர் சொன்னதன் பொருள் விளங்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டில் ஹிட்லர் என்ற பெயர் இரண்டு விதமாகப் பயன்படுகிறது. எதிர்க்கட்சியினர் அதை வசையாகப் பயன்படுத்துகின்றனர். மற்றொரு சாராருக்கு அது புகழ்ச்சி. 2018இல் கோட்டாபய ராஜபக்‌ஷவின் பிறந்தநாள் வைபவமொன்றில், ஒரு ஹிட்லரைப் போல ஆகியேனும் நாட்டைக் கட்டியெழுப்புங்கள் என்ற பொருள்பட மூத்த பௌத்த பிக்கு ஒருவர் அவருக்கு ஆசி கூறினார். 2021 ஏப்ரலில், கோட்டாபய ஜனாதிபதியான பின்னர், அவர் ஹிட்லரைப் போல ஆட்சி செய்வார் என்று எதிர்பார்த்தே மக்கள் வாக்களித்தனர் என இராஜாங்க அமைச்சர் ஒருவர் பேசினார். ஹிட்லர் பல மில்லியன் மக்களின் மரணத்துக்குப் பொறுப்பானவர் என்பதை ஜேர்மனியத் தூதுவர் பகிரங்கமாக நினைவுபடுத்த வேண்டியதாயிற்று. நமது தேநீர்க் கடைகளிலும் "ஒரு ஹிட்லர் வந்தால்தான் இந்த நாடு திருந்தும்" என்ற பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இவ்வாறு புகழ்வோர் வழக்கமாகச் சுட்டிக்காட்டுபவை நெடுஞ்சாலைகளும் வேலைவாய்ப்பும் ஆகும். கொலோன் நகரையும் பொன் நகரையும் இணைத்த வேகநெடுஞ்சாலை 1932 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைத் திறந்துவைத்தவர் அன்றைய கொலோன் நகரபிதாவும் பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் முதலாவது அதிபராக விளங்கியவருமான கொன்ராட் அடினோவர். ஹிட்லர் அப்போது பதவிக்கு வந்திருக்கவில்லை. வேலையின்மை குறைந்தது உண்மையே. ஆனால் அதன் பெரும்பகுதி போருக்கான ஆயுத உற்பத்தியாலும் படைக்கு ஆள் சேர்த்ததாலும் குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கணக்கு ஜேர்மனிய நகரங்களின் இடிபாடுகளில் முடிந்தது.

வசையாகப் பயன்படுத்துவோரும் வேறொரு தவறைச் செய்கின்றனர். ஹிட்லர் என்றதும் வதை முகாம்களும் நச்சுவாயு அறைகளும் உலகப் போருமே மனக்கண்ணில் எழுகின்றன. அவை முடிவுகள். முடிவை அளவுகோலாகக் கொண்டால், "இவர் அவ்வளவு கொடியவர் அல்லரே" என்று எந்தத் தலைவருக்காகவும் எளிதில் வாதாடிவிடலாம். தொடக்கத்தையே பார்க்க வேண்டும். எங்கள் ஆசிரியர் சொன்ன திகதிகள் அங்குதான் இருக்கின்றன.

1932 நவம்பர் தேர்தலில் நாசிக் கட்சி பெற்றது 33.1 வீத வாக்குகள். 1933 ஜனவரி 30ஆம் திகதி ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் அரசியல் யாப்பின்படியே ஹிட்லரை அரசாங்கத்தின் தலைவராக நியமித்தார். பெப்ரவரி 27ஆம் திகதி இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே அவசரகாலப் பிரகடனத்தின் மூலம் பேச்சுரிமையும் எழுத்துரிமையும் இடைநிறுத்தப்பட்டன. மார்ச் 5ஆம் திகதி நடந்த தேர்தலில், அத்தனை அச்சுறுத்தலின் மத்தியிலும், நாசிக் கட்சிக்கு 43.9 வீதமே கிடைத்தது.

மார்ச் 23ஆம் திகதி பாராளுமன்றத்தின் அனுமதியின்றி அரசாங்கமே சட்டம் இயற்ற வழிசெய்யும் மசோதா வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 81 உறுப்பினர்களும் கைதானதாலோ தலைமறைவானதாலோ சபையில் இருக்கவில்லை. சமூக சனநாயகக் கட்சியின் தலைவர் ஒட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவருடைய கட்சியினர் 94 பேர் எதிராக வாக்களித்தனர். ஆதரவாக விழுந்த வாக்குகள் 444. கத்தோலிக்க மத்திய கட்சியும் ஆதரவாக வாக்களித்தது. ஜூலை மாதத்துக்குள் அந்தக் கட்சியே இல்லாமற் போயிற்று.

அந்தச் சட்டத்தில் ஒரு முடிவுத் திகதி இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே அது செல்லுபடியாகும். 1937இல் அது நீடிக்கப்பட்டது. 1939இல் மறுபடியும் நீடிக்கப்பட்டது. 1943இல் ஹிட்லரின் சொந்த ஆணையாலேயே நீடிக்கப்பட்டது. யாப்பு ஒருபோதும் முறைப்படி நீக்கப்படவில்லை. பாராளுமன்றமும் கலைக்கப்பட்டு மறைந்துவிடவில்லை, எப்போதாவது கூடிக் கைதட்டியது. நீங்கியது ஒன்றே ஒன்று: ஆட்சி முடியும் திகதி.

சர்வாதிகாரி என்று நாம் தமிழில் வழங்கும் பதவியின் மூலம் பண்டைய உரோமாபுரியில் உள்ளது. அங்கு அது வசைச்சொல் அன்று. பெரும் ஆபத்துக் காலத்தில் ஒருவருக்கு முழு அதிகாரம் வழங்கப்படும், ஆனால் ஆறு மாதங்களுக்கு மேல் அவர் அதை வைத்திருக்கலாகாது. கி.மு. 458இல் கலப்பையை விட்டு வந்த சின்சினாட்டஸ், பகைவரை வென்றபின் பதினாறாம் நாளே பதவியைத் துறந்தார் என்பது உரோம மரபு. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அந்தப் பதவியை வாழ்நாள் முழுவதற்கும் உரியதாக்கிக்கொண்டார். அத்துடன் குடியரசு தன் உயிரை இழந்தது. அதிகாரத்தின் அளவு மாறவில்லை, அதன் காலவரையறை மட்டுமே மாறியது.

இந்த அளவுகோலோடு இலங்கைக்குத் திரும்புவோம். முதல் தவறு ஜே.ஆர். செய்ததன்று. 1970இல் ஐந்தாண்டுகளுக்குத் தெரிவான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், 1972இன் குடியரசு யாப்பைக் காரணங்காட்டித் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து 1975இல் தன் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்து, கொழும்பு தெற்கில் இடைத்தேர்தலில் நின்று வென்றவர் யார் தெரியுமா? அதே ஜே.ஆர். ஜெயவர்த்தனதான்! மக்கள் கொடுத்த காலத்துக்கு மேல் ஒரு நாளும் ஆளலாகாது என்று நின்றவர் ஏழே ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளைக் கேட்டார்.

ஏன் கேட்டார்? 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது ஏறக்குறைய 51 வீத வாக்குகள். பழைய தொகுதி முறையால் அதற்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. 1978இன் யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்திருந்தது. 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். பெற்ற 52.9 வீதம் அப்படியே பொதுத் தேர்தலிலும் கிடைத்திருந்தாலும், யாப்பை நினைத்தபடி திருத்தும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போய்விடும். தானே எழுதிய யாப்பின் கீழ் வரவிருந்த முதலாவது பொதுத் தேர்தலை அவரே தவிர்த்தார். தன் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்களையும் பெற்று வைத்துக்கொண்டார். திகதியிடப்படாத கடிதங்கள்! எங்கள் ஆசிரியர் அதைக் கேள்விப்பட்டபோது சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

முறைப்படி 1983 ஆகஸ்டில் முடிந்திருக்க வேண்டிய பாராளுமன்றம் அது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் ஜூலை வன்செயல்கள் நடந்தேறின. ஆகஸ்டில் அதே பாராளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். 1977 முதல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. பேசுவதற்கு மன்றம் இல்லாத அந்த ஆண்டுகளில் வடக்கு கிழக்கு இளைஞர்கள் எந்தப் பக்கம் திரும்பினர் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1982இல் தேர்தல் நடந்திருந்தால் எல்லாம் நலமாகியிருக்கும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு வாசல் மூடப்பட்டது, அதை மூடியவர் யார் என்பது பதிவில் இருக்கிறது.

அப்படியாயின் ஜே.ஆர். ஹிட்லரா? அல்லர். 1989 ஜனவரியில், இரண்டாவது பதவிக்காலம் நிறைவெய்தும் வேளையில், அவர் பதவியை விட்டு வீட்டுக்குச் சென்றார். 2010 செப்டெம்பரில் பதினெட்டாவது திருத்தத்தின் மூலம் இரு தடவை வரையறையை நீக்கிய மகிந்த ராஜபக்‌ஷ, 2015 ஜனவரியில் மூன்றாம் முறை போட்டியிட்டுத் தோற்றபோது மறுநாளே அலரி மாளிகையை விட்டு வெளியேறினார். ஹிட்லரைப் போல ஆளவேண்டும் என்று வாழ்த்தப்பட்ட கோட்டாபய, 2022 ஜூலையில் மக்கள் கிளர்ச்சிக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடி, பதவி விலகினார். ஜேர்மனியரிடம் அத்தகைய வழி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறைத்து எழுதுவது நேர்மையன்று. நமது நாட்டில் வாக்குப்பெட்டி காயப்பட்டது, ஆனால் உயிரோடிருந்தது.

அளவுகோல் ஒன்றானால் அது எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆறாவது திருத்தத்தால் சபையை இழந்த அதே அமிர்தலிங்கத்தை 1989 ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் அவருடைய வீட்டில் வைத்துச் சுட்டுக்கொன்றவர்கள் சிங்களப் படையினர் அல்லர், விடுதலைப் புலிகள். ஒரு தலைமை, ஒரு குரல், அதற்கு முடிவுத் திகதி இல்லை என்ற நிலையை நமது சமூகமும் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தது. அன்று அதை எழுத அஞ்சியோர் பலர். அந்தப் பட்டியலில் என் பெயரும் உண்டு. ஜே.ஆரின் திகதிகளைத் துணிந்து எண்ணிய நான், நம்மவரின் திகதிகளை எண்ணவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குற்ற உணர்வே.

ஆகவே, இன்று உலகின் எந்த மூலையிலாவது ஒரு தலைவரைப் பார்த்து "இவர் இன்னொரு ஹிட்லர்" என்று யாராவது எழுதினால், நான் மீசையைத் தேடுவதில்லை. அவர் போகவேண்டிய நாள் எது என்று பார்க்கிறேன். அந்த நாளை ஒத்திவைக்க அவர் என்ன காரணம் சொல்கிறார், அதற்குக் கைதூக்குவோர் எத்தனை பேர், எழுந்து நின்று மறுப்போர் எத்தனை பேர் என்று எண்ணுகிறேன்.

அன்றிரவு வெட்டுண்ட என் கட்டுரையில் எஞ்சியது பதினைந்து வரிகள் அளவே. 1933 மார்ச் 23 ஜேர்மனியில் நடந்தது, 1975 கொழும்பு தெற்கில் நடந்தது, 1982 டிசம்பர் 22 நாட்டில் நடந்தது என மூன்று செய்திகளை அடுத்தடுத்து வைத்திருந்தார் ஆசிரியர். கருத்து என்று ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் ஒரு முதியவர் அந்தப் பதினைந்து வரிகளை உரத்து வாசித்து, பத்திரிகையை மடித்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு, "அப்ப இனி எலக்சன் இல்லை" என்று மட்டும் சொன்னார். அருகில் நின்ற எவரும் மறுமொழி சொல்லவில்லை.