ஹைதராபாத் சமஸ்தானக் கிளர்ச்சியும் அயலார் தலையீடும் (1946–1951)

ஹைதராபாத் சமஸ்தானத்தின் ஏழாவது நிஜாமாகிய மீர் உஸ்மான் அலிகானின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்துத் தெலுங்கானாக் குடியானவர்கள் தொடங்கிய கிளர்ச்சியும், அவ்வாட்சியைத் தாங்கவும் சாய்க்கவும் எல்லைக்கு அப்பாலிருந்து இரகசியமாக வந்து சேர்ந்த ஆயுதம், பணம், ஆலோசனை ஆகியவற்றின் கதையும் பிரித்துச் சொல்ல முடியாதவை. இன்று மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த கொண்டாப்பூரும் அதன் அயலூர்களும் அந்நாளில் ஹைதராபாத் நகரைச் சூழ்ந்த அத்ராஃபே பல்தா ஜில்லாவின் நாட்டுப்புறம்; அந்த ஜில்லாவோ நிஜாமின் சொந்தச் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்ட சர்ஃபே காஸ் நிலம்.

சுமார் 82,000 சதுர மைல் பரப்பும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிரஜைகளும் கொண்ட அந்த ராஜ்யத்தில், நிலத்தின் ஏறக்குறைய பத்திலொரு பங்கு நிஜாமின் சர்ஃபே காஸ் ஆகவும், பத்தில் மூன்று பங்கு ஜாகீர்தார்களின் உடைமையாகவும் இருந்தன. மீதிப் பகுதி சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு உட்பட்டிருந்தபோதிலும், அங்கேயும் தேஷ்முக்குகள் வைத்ததே சட்டம். ‘தொரை’ என்று ஊரார் அஞ்சி அழைத்த அப்பிரபுக்களின் ‘கடி’ என்னும் கோட்டை வீடுகளுக்குக் குயவன் பானையும், வண்ணான் வெளுப்பும், சக்கிலியன் செருப்பும், உழவன் ஏரும் கூலியின்றி அளிக்கவேண்டிய ‘வெட்டி’ முறைதான் கலகத்தின் மூலகாரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்; ஏனெனில், பின்னாளில் இக்கிளர்ச்சியைப் பற்றி எழுதியவர்களிற் சிலர் மாஸ்கோவிலும் வேறு சிலர் டில்லியிலும் அதன் பிறப்பிடத்தைத் தேடினர். பாலகுர்த்தியில் சாக்கலி ஐலம்மா என்னும் வண்ணார் குலத்துப் பெண், தன் சிறு நிலத்து விளைச்சலை விசுனூர் தேஷ்முக் கைப்பற்ற வந்தபோது, கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கிலிருந்த ஆந்திர மகாசபையின் தொண்டர் துணையோடு கதிரை அறுத்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்தாள். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் அதே தேஷ்முக்கின் ஆட்கள் ஊர்வலத்தின்மீது சுட்டதில் தொட்டி கொமரய்யா மாண்டான். அதன்பின் ஊரூராகச் ‘சங்கம்’ எழுந்தது. ரவி நாராயண ரெட்டி, பத்தம் எல்லா ரெட்டி முதலிய கம்யூனிஸ்டுத் தலைவர்களின் வழிகாட்டலில் ‘தளம்’ எனப்பட்ட ஆயுதக் குழுக்களும் தோன்றின. ஏறக்குறைய 3,000 கிராமங்களில் தங்கள் ஆட்சி நடந்ததென்றும், 10 லட்சம் ஏக்கர் நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டதென்றும் அவர்கள் தரப்பில் பி. சுந்தரய்யா கணக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்நிலையில் பிரிட்டிஷார் வெளியேறுவது உறுதியானதும், இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ சேரப்போவதில்லையென்று 1947 ஜூனில் நிஜாம் ஃபர்மான் வெளியிட்டார். லாத்தூர் வக்கீலாகிய காசிம் ரஜ்வியின் தலைமையில் இத்திஹாதுல் முஸ்லிமீன் இயக்கத்தின் ரஜாக்கர் படை கிராமங்களைக் கொளுத்தத் தொடங்கிற்று. நவம்பர் 29 அன்று இந்தியாவுடன் ஓராண்டுக்கான நிலைநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் மை உலர்வதற்குள்ளாகவே நிஜாம் அரசு இந்திய நாணயத்தைத் தடைசெய்ததோடு, இந்திய சர்க்காரின் கடன் பத்திரங்களாக 20 கோடி ரூபாயைப் பாகிஸ்தானுக்குக் கடன் கொடுக்கவும் துணிந்தது.

அயலார் கையென்று ஐயமின்றிச் சுட்டக்கூடியவர் சிட்னி காட்டன். ஆஸ்திரேலியாவிற் பிறந்த இவ்விமானி, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், வியாபாரி போலப் பறந்து சென்று, விமானத்தில் மறைத்து வைத்த காமராக்களால் ஜெர்மனியின் இராணுவ நிலையங்களைப் பிரிட்டிஷ் ஒற்றர் இலாகாவுக்காகப் படமெடுத்தவர். வான்வழிப் புகைப்பட வேவு என்னும் கலைக்கே ஆசான்களில் ஒருவர். அந்தத் திறமையைப் போர் முடிந்தபின் கூலிக்கு விற்றார். 1948-இல், குண்டுவீச்சு விமானத்தின் வழித்தோன்றலாகிய லங்காஸ்டிரியன் விமானங்களில், கராச்சியிலிருந்து இந்திய வானத்தை இரவில் கடந்து, பீதருக்கும் வாரங்கலுக்கும் துப்பாக்கிகளையும் தளவாடங்களையும் அவர் கொண்டுவந்து இறக்கினார். பாகிஸ்தான் அரசின் இசைவின்றி இது நடந்திருக்க முடியாது. பின்னர் லண்டன் நீதிமன்றம் அவருக்கு விதித்த அபராதம் 200 பவுன். ஒரு ராஜ்யத்தின் ஆயுளை நீட்டிக்கப் புறப்பட்டவருக்கு இது தண்டனையா, சுங்கமா என்று கேட்கத் தோன்றும்.

மறுபுறத்தையும் மறைக்கலாகாது. சுவாமி ராமானந்த தீர்த்தரின் தலைமையிலிருந்த ஹைதராபாத் ஸ்டேட் காங்கிரஸ், சமஸ்தானத்தைச் சூழ்ந்த சென்னை, பம்பாய், மத்திய மாகாணங்களின் எல்லையோரத்தில் முகாம்கள் அமைத்து, அங்கிருந்து சுங்கச் சாவடிகளையும் போலீஸ் நிலையங்களையும் தாக்கிற்று; கம்யூனிஸ்டுகளுக்கும் விஜயவாடாவைச் சுற்றிய ஜில்லாக்களே புகலிடமாயின. இவற்றை அந்நியத் தலையீடு என்று நிஜாம் அரசு முறையிட்டது. 1948 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்கும் எழுதிற்று. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அம்முறையீட்டில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் சமஸ்தானத்துப் பிரஜைகளே நாடு கடந்து நின்று தம் அரசனோடு பொருதியதும், வாடகை விமானி இருளில் ஆயுதம் கொண்டுவந்ததும் ஒரே தராசில் நிற்கத்தக்கவையல்ல.

செப்டம்பர் 13 அன்று இந்திய இராணுவம் பிரவேசித்தது. 18 அன்று நிஜாமின் தளபதி எல் எட்ரூஸ், மேஜர் ஜெனரல் ஜே. என். சௌதுரியிடம் சரணடைந்தார். இரவோடிரவாக வந்திறங்கிய ஆயுதங்கள் ஒரு வாரப் போருக்குக்கூடப் பயன்படவில்லை. அதையொட்டி நடந்த வன்முறையில், பெரும்பாலும் முஸ்லிம்களாக, 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாமென்று இந்திய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. அந்த அறிக்கையைப் பல பதிற்றாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு விடாமல் வைத்திருந்தது விடுதலை செய்தவர்களுக்குப் பெருமை சேர்க்கும் செயலன்று.

நிஜாமாட்சி வீழ்ந்தும் தளங்கள் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. நிலத்தைத் திரும்பப் பறிக்கத் தேஷ்முக்குகள் இராணுவத்தின் பின்னாலேயே ஊருக்குள் வந்தார்கள் என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். போராட்டத்தை நிறுத்தவேண்டுமென்று ரவி நாராயண ரெட்டியே வாதித்தார். கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டுபட்டுத் தடுமாறியபோது, அஜய் கோஷ், எஸ். ஏ. டாங்கே, சி. ராஜேஸ்வர ராவ், எம். பசவபுன்னையா ஆகிய கட்சித் தலைவர் நால்வரும் மறைவாகப் பயணம் செய்து, 1951 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஸ்டாலினைச் சந்தித்தனர். உலகெங்கும் புரட்சிகளைத் தூண்டிவிடுபவரெனப் பெயர் பெற்ற அம்மனிதர் சொன்னது முற்றிலும் வேறு: சீனப் படைகளுக்கு மஞ்சூரியாவில் சோவியத் எல்லை முதுகுப்புறக் காவலாக வாய்த்தது, உங்களுக்கோ அத்தகைய நட்பு நாடு அண்டையில் இல்லை, தொழிலாளரின் துணையற்ற கொரில்லாப் போர் வெல்லாது என்றார். அவ்வாண்டு ஏப்ரலில் வினோபா பாவே போச்சம்பள்ளியில் பூதானம் என்னும் நிலக்கொடை இயக்கத்தைத் தொடங்கினார். அக்டோபரில் கட்சி ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டது. ஆக, மாஸ்கோவின் கை தெலுங்கானாவில் தெளிவாகப் புலப்படுவது தீயை மூட்டியதிலன்று, அணைத்ததில். அடுத்து வந்த முதற் பொதுத்தேர்தலில் ரவி நாராயண ரெட்டி நல்கொண்டாவில் ஜவஹர்லால் நேருவைவிட அதிக வாக்குகள் பெற்று லோக்சபைக்குச் சென்றார்.

இவ்வரலாற்றுக்கு ஒரு வழக்கும் வால்போல் நீண்டது. சரணடைந்து இரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 20 அன்று, நிஜாம் அரசின் பிரதிநிதி மொயின் நவாஸ் ஜங், லண்டன் பாங்கி ஒன்றிலிருந்த சுமார் 10 லட்சம் பவுனைப் பாகிஸ்தான் ஹைகமிஷனரின் பெயருக்கு மாற்றினார். அது ஹைதராபாத்துக்கு அனுப்பிய ஆயுதங்களுக்கு ஈடாக வந்த பணம் என்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் வாதாடியது. அந்நாளில் மூடி மறைத்த விமானப் போக்குவரத்தே இப்போது உரிமைக்கு ஆதாரமாக முன்வைக்கப்பட்டது. ஆயுதம் சென்றதை ஒப்புக்கொண்ட இங்கிலாந்து உயர்நீதிமன்றம், பணம் அதற்காகத் தரப்பட்டதென்பதை ஏற்கவில்லை. 2019 அக்டோபர் 2 அன்று, வட்டியோடு ஏறத்தாழ 3.5 கோடி பவுனாக வளர்ந்துவிட்ட அத்தொகை, இந்தியாவுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் உரியதென்று தீர்ப்பாயிற்று.