வெயிலும் மழையும் வகுத்த மாளிகை

மலாய் மொழியில் புக்கிட் பாஞ்சாங் என்பதற்கு நீண்ட குன்று என்பது பொருள். அவ்வூரில் ரயில் ஏறுவோர் லிட்டில் இந்தியாவைக் கடந்து பூகிஸ் நிலையத்தில் இறங்கிச் சற்றே நடப்பின் பீச் ரோட்டை அடைவர். பெயர் கடற்கரைச் சாலையாயினும் அங்கே கடல் இல்லை. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் அலைகள் நெடுந்தொலைவு விலகிவிட்டன. ஒரு காலத்தில் அக்கடலை நோக்கி நின்ற ராபிள்ஸ் ஓட்டல் மட்டும் இன்றும் அவ்விடத்திலேயே நிற்கின்றது.

ஆர்மீனியரான சார்க்கிஸ் சகோதரர் இவ்விடுதியை 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று தொடங்கினர். அரபு வணிகர் ஒருவரிடம் குத்தகைக்குப் பெற்ற பழைய பங்களாவில் அன்று இருந்தவை பத்து அறைகளே. வணிகம் பெருகவே பங்களாவை அடுத்துப் புதிய பகுதிகள் எழுந்தன. இன்று காணும் மூன்றடுக்குத் தலைமைக் கட்டடம் 1899இல் முடிவுற்றது. அதனை வரைந்தவர் சுவான் அண்டு மெக்லாரன் நிறுவனத்தைச் சார்ந்த ஆர். ஏ. ஜே. பிட்வெல் என்பார்.

பிட்வெல் அதற்குமுன் கோலாலம்பூரில் பணியாற்றியவர். அங்கு இன்று சுல்தான் அப்துல் சமது கட்டடம் எனப்படும் அரசு மாளிகையின் வடிவமைப்பில் அவருக்கும் பங்குண்டு. குவிமாடமும் குதிரைலாட வளைவும் அதன் அணிகள். சிங்கையிலோ அவர் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நெறியில் தூண்களையும் வளைவுகளையும் ஒழுங்குற அடுக்கினார். ஒருவரே இருவேறு பாணிகளைக் கையாண்டமை ஓர் உண்மையைப் புலப்படுத்தும். பாணி என்பது மேலாடை. உடலை அமைப்பது தட்பவெப்பமே.

மேலாடையை நீக்கிப் பார்ப்பின் இவ்வுண்மை விளங்கும். அகன்ற தாழ்வாரங்கள் சுவரில் வெயில் படாமல் காக்கின்றன, மழைச்சாரலைத் தடுக்கின்றன. உயர்ந்த கூரை, சூடேறிய காற்று மேலெழ இடந்தருகின்றது. நடுவே மூன்றடுக்கும் ஊடுருவி நிற்கும் கூடம் ஒளியை உள்ளே கொணர்கின்றது. புதிய கட்டடம் மின்விளக்கும் மின்விசிறியும் பெற்றிருந்தது. எனினும் குளிர்சாதனம் வாராத அக்காலத்தில் விருந்தினருக்குக் குளிர்ச்சி தந்தது பெரும்பாலும் கட்டட அமைப்பே. விடுதியைச் சார்ந்த பில்லியர்ட்ஸ் மண்டபம் தரையினின்று உயர்த்தித் தூண்கள்மேல் கட்டப்பட்டிருந்தது. 1902இல் காட்சிக்கூட்டத்திலிருந்து தப்பிய புலியொன்று அத்தளத்தின் அடியில் பதுங்கிச் சுடப்பட்ட செய்தி பலரும் அறிந்தது. கதையின் சுவையில் கட்டட அமைப்பு மறந்துபோகின்றது. தளம் உயர்ந்திராவிடில் புலிக்குப் புகலிடம் ஏது?

செட்டிநாட்டு வீடுகளை அறிந்தோர்க்கு இவை புதியன அல்ல. அங்கும் தாழ்வாரம் உண்டு. ஒளியும் காற்றும் தரும் முற்றம் உண்டு. ஆனால் செட்டிநாட்டு வீடு குடும்பத்துக்காக உள்நோக்கி விரிகின்றது. ஓட்டலோ வழிப்போக்கர் கடலைக் கண்டு மகிழ வெளிநோக்கி விரிந்தது. ஒரே வெயிலுக்கு இரண்டு வாழ்க்கைகள் தந்த இரண்டு விடைகள் அவை.

இந்நகரின் கட்டடக் கலையில் தமிழர் பங்கு யாது? 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கற்சூளை அமைத்தார். இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பினர். சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்து அரைத்து இழைத்த 'மதராஸ் சுண்ணம்' அதன் சுவர்களை மெருகேற்றியது. ஆயினும் கைதிகள் முறை 1873இல் முடிந்தது. ஓட்டலின் தலைமைக் கட்டடமோ 1899இல் எழுந்தது. ஆகவே அக்கைதிகளே ஓட்டலையும் கட்டினர் எனல் பொருந்தாது. பெருமைக்காக ஆண்டுகளை வளைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. மெய்யான பங்கே போதிய பெருமை தரும்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இரவு ஜப்பானியப் படை புக்கிட் பாஞ்சாங்கை அடைந்தது; 15ஆம் நாள் புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷார் சரணடைந்தனர். ஓட்டலும் 'சியோனான் ரியோக்கான்' எனப் பெயர் மாறியது. போருக்குப் பின் பழைய பெயர் மீண்டது. 1987இல் அது தேசியச் சின்னமாயிற்று. 1989இல் மூடப்பட்டுப் பழுதுபார்க்கப்பெற்று 1991இல் திறக்கப்பட்டது.

அப்பணியில் 1915ஆம் ஆண்டின் தோற்றமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அதற்குப் பின்னர் முகப்பில் சேர்ந்த நடனமண்டபம் நீக்கப்பட்டது. ஏடுகளைப் பதிப்பிப்போர் இடைச்செருகலைக் களைவதை இது ஒக்கும். ஆனால் ஓர் ஐயம் எழுகின்றது. பின்வந்த தலைமுறையினர் கூடிக் களித்த மண்டபம் இடைச்செருகலா, அன்றிக் கட்டடத்தின் வாழ்க்கையில் ஒரு பகுதியா? உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர் தாம் கொள்ளாத பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டிச் சென்றனர். கற்போர் தாமே ஒப்பிட்டுத் தெளிய அது வழிசெய்தது. கட்டடத்துக்கு அடிக்குறிப்பு இல்லை. நீக்கியது நீங்கியதே. அவ்வடிக்குறிப்பை எழுதி வைக்கும் கடமை வரலாற்றைக் கற்பிப்போர்க்கு உரியது.