இயக்கிப் பிறழ்வுகள்

புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ.வை முழுதாகப் படித்தால், பெரும்பாலும் ஆயிரக்கணக்கான பிறழ்வுகள் தென்படும். அவற்றுள் உயிரணுவைக் கட்டுமீறிப் பெருகவைப்பவை ‘இயக்கிப் பிறழ்வுகள்’. மற்றவை கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ‘பயணிப் பிறழ்வுகள்’. 7,664 கட்டிகளை அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று, மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளில் ஒரு கட்டிக்குச் சராசரியாகச் சுமார் நான்கு இயக்கிகளே இருப்பதாகக் கணித்தது.

முதல் இயக்கி 1982இல் பிடிபட்டது. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றணுக்களின் டி.என்.ஏ.வை எலியின் உயிரணுக்களில் செலுத்தியபோது அவையும் புற்றணுபோல் மாறின. காரணத்தைத் துருவிய ஆய்வாளர்கள் எச்ராசு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். அதனால் அந்தப் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வாலின் அமர்ந்திருந்தது.

இன்று தேடல் ஒப்பீட்டில் தொடங்குகிறது. ஒரே நோயாளியின் கட்டியையும் இரத்தத்தையும் அருகருகே படித்து, பிறப்பிலேயே வந்த வேறுபாடுகளைக் கழித்துவிடுவார்கள். பிறகு, பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப வரும் பிறழ்வுகளைத் தேடுவார்கள். இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் 2002இல் அறிவித்த பிராஃப் மரபணுப் பிறழ்வு மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் உண்டு. அதைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் மருந்துக்கு அமெரிக்கா 2011இல் ஒப்புதல் அளித்தது.

ஆனால் எண்ணிக்கை ஏமாற்றும்.

தசைப் புரதமான டைட்டினின் மரபணு மிக நீளமானது. அதனாலேயே அதில் பிறழ்வுகள் குவியும். மணம் உணரும் ஏற்பிகளின் மரபணுக்கள் உயிரணு பிரியும்போது தாமதமாகப் படியெடுக்கப்படுவதால் பிழைகள் அதிகம். இத்தகைய ஏற்றத்தாழ்வுகளைக் கணக்கில் கொண்ட முறையொன்று 2013இல் வந்தது. நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையில் சந்தேகத்துக்குரிய 450 மரபணுக்களை அது 11 ஆகக் குறைத்தது.

பிறழ்வு விழும் இடமும் துப்புத் தரும். பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களில் ஒருசில இடங்களிலேயே மாற்றம் திரளும். கட்டியைத் தடுக்கும் ஏபிசி போன்ற மரபணுக்களிலோ புரதத்தைப் பாதியில் முறிக்கும் பிறழ்வுகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். இவ்வாறு தேறியவற்றை உயிரணுக்களிலும் எலிகளிலும் புகுத்திச் சோதிக்கிறார்கள்.

33 வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்த அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டத்தின் தரவுகளிலிருந்து 2018இல் 299 இயக்கி மரபணுக்கள் பட்டியலிடப்பட்டன. அதே ஆண்டு புதிய சிக்கலொன்றும் முளைத்தது: நாட்ச்1 மரபணுப் பிறழ்வுகள் உணவுக்குழாய்ப் புற்றுநோயைவிட, நடுவயதினரின் நோயற்ற உணவுக்குழாயில்தான் மிகுதியாகக் காணப்பட்டன.