குறைவில் பிறக்கும் இருள்: ரெட்ரோ மிகுபுனைவின் அழகியல்

டார்க் ஃபேன்டசி எனப்படும் இருண்மை மிகுபுனைவில், பழைய கருவிகளின் சாயலோடு இன்று உருவாகும் விளையாட்டுகளையும் இசையையும் கடந்தகால ஏக்கம் என்று விளக்குவது வழக்கம். அக்கருவிகள் வழக்கொழிந்த பின் பிறந்தவர்களையும் இவை ஈர்ப்பதால் அவ்விளக்கம் போதாது. கருவியின் போதாமையே அச்சத்தை விளைவிக்கும் விதத்தில்தான் இதற்கான விடையைத் தேட வேண்டும்.

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் முதல் விளையாட்டான கிங்ஸ் ஃபீல்டு இதற்குச் சிறந்த சான்று. பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்த அதே 1994 டிசம்பரில் இது வெளியானது. அக்கருவியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். காட்சிக்கான நினைவகம் 1 மெகாபைட். தொலைவிலுள்ள அனைத்தையும் வரைந்துகாட்ட அதற்கு வலுவில்லாததால், சில அடிகளுக்கு அப்பால் சுரங்கப்பாதை கருமையில் கரைந்தது. அடுத்து வருவது சுவரா, படுகுழியா, பகைவனா என்பது நெருங்கினால்தான் தெரியும். ஆட்டக்காரரின் நடையும் திரும்பும் வேகமும் மந்தமாக இருந்ததால் அந்த ஐயம் நீண்டது. பொறியியல் நெருக்கடி இங்கே கதைக்களத்தின் இயல்பாகவே மாறிவிட்டது.

படங்களின் நடுக்கமும் இத்தகையதே. உருவங்களை ஆக்கும் பலகோணங்களின் முனைகளை அக்கருவி முழு எண் புள்ளிகளில் மட்டுமே நிறுத்தியது. பரப்பின்மேல் ஒட்டும் படத்தைத் தொலைவுக்கேற்பத் திருத்தவும் இல்லை. அதனால் நகரும்போது சுவர்கள் நெளிந்தன, முனைகள் துள்ளின. பந்தய விளையாட்டில் குறையாகத் தெரியும் இந்நெளிவு, சாபம் பிடித்த கோட்டைக்குள் உலகமே நிலைகொள்ளாத உணர்வைத் தந்தது.

கணினிக்கு வெளியிலும் இதைக் காணலாம். 1982-இல் வெளியான 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' நூலுக்கு ரஸ் நிக்கல்சன் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களில் வண்ணத்தின் வேலையை நெருக்கமான மைக்கோடுகளே செய்தன. இசையில் நார்வேயின் மோர்ட்டீஸ், பிளாக் மெட்டல் குழுவான எம்பரரிலிருந்து விலகி, 1994-இல் முதல் தனி ஆல்பத்தைத் தந்தார். சிந்தசைசரில் சில மெட்டுகள் திரும்பத் திரும்ப ஒலிக்க நீளும் இவ்வகை இசை, பின்னாளில் டன்ஜன் சிந்த் எனப் பெயர் பெற்றது. அதில் எக்காளமும் வயலினும் உண்மை வாத்தியங்களைப் போல ஒலிப்பதில்லை. மெலிந்த அவ்வொலி ஓர் இசைக்குழுவைக் குறிப்பால் மட்டுமே உணர்த்த, எஞ்சியதைக் கேட்பவர் மனம் நிரப்பிக்கொள்கிறது.

இன்றைய படைப்பாளிக்கு இக்கட்டுப்பாடுகள் தாமே விரும்பி ஏற்பவை. தடுக்கி விழும் இடமும் அதுவே. முழுத் தெளிவோடு ஆக்கிய காட்சியின்மேல் இறுதியில் பிக்சல் வடிகட்டியைப் பூசுவதும், சுத்தமான ஒலிப்பதிவில் கேசட் இரைச்சலைச் சேர்ப்பதும் ஒப்பனையாகவே நின்றுவிடுகின்றன. மறைக்க வேண்டியதை அவை மறைப்பதில்லை. பழமையை அப்படியே மீட்பதும் நோக்கமாக இருக்க முடியாது. அன்றைய குழாய்த் தொலைக்காட்சிகள் பிக்சல்களின் விளிம்பை மழுங்கடித்தன. இன்றைய தட்டைத் திரையில் தெரியும் கூர்மையான கட்டங்களை அக்காலத்தவர் வீட்டில் பார்த்ததில்லை. ஆகவே ரெட்ரோ என்பது பழைய வரம்புகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் புதிய கலை.

கிங்ஸ் ஃபீல்டை முன்னோடியாகக் கொண்டு 2023-இல் முழுமை பெற்ற லுனாசிட் என்ற விளையாட்டு இத்தேர்வைச் சரியாகச் செய்திருக்கிறது. குறைந்த பலகோணங்களோடு, ஒளி எட்டாத அறைகளையும் விளக்கம் சுருங்கிய கதைசொல்லலையும் அது சேர்த்தே எடுத்துக்கொண்டது. எதைக் காட்டக்கூடாது என்ற முடிவை முதல் வரைவிலேயே எடுக்கும் ஆக்கங்களே இவ்வகையில் வலுவாக நிற்கின்றன.